நாட்களை எண்ணப் பழகுவோம்

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்றின் கடதாசிப் பையைத் திறந்து பார்த்தால் உள்ளே என்ன இருக்கும்? காணி உறுதியின் பிரதி, பிறப்புப் பத்திரங்கள், வாடகை ஒப்பந்தம், அடகுச் சீட்டு, கிளினிக் கொப்பி, பழைய கூப்பன் அட்டை. இவை ஒவ்வொன்றிலும் ஒரு திகதி உண்டு. அந்தத் திகதியிலிருந்து இத்தனை நாளுக்குள், இத்தனை மாதத்துக்குள் என்று ஏதோ ஒரு கெடு ஓடிக்கொண்டிருக்கும். சொந்த நிலத்தில் நின்று வாழ்ந்த காலத்தில் மழையும் பனியும் கோயில் பெருநாளும் எமக்கு நாளைச் சொல்லித் தந்தன. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வாடகை அறைக்குள் இருப்பவர்களுக்கு நாளைச் சொல்வது கடதாசிதான். ஆகவே கடதாசியின் கணக்கையும் நாம் படித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தப் பாடத்துக்குக் கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும். எட்டாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஒரு கலண்டரும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் என்றால் எத்தனை நாள்?

2025 மார்ச் 28ஆம் திகதி வெளியான அரசாங்க வர்த்தமானி அறிவித்தல் ஒன்றை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காணித் தீர்வுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வெளியான அந்த அறிவித்தலில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணி குறிப்பிடப்பட்டிருந்தது. உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் கோர வேண்டும், கோராவிட்டால் அது அரச காணியாகிவிடும் என்பதே அதன் சாரம். எதிர்ப்பு எழுந்தது. அரசாங்கம் அதை மீளப் பெறுவதாக மே மாதத்தில் சொன்னது. ஜூன் மாதக் கடைசியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்த ஆபத்து அப்போது நீங்கியது.

ஆனால் அந்த மூன்று மாதத்தையும் ஒரு பாடமாக எடுத்துப் பார்ப்போம். இப்படியான கெடு வேறு உருவத்தில் திரும்பவும் வரக்கூடும்.

மூன்று மாதம் என்றவுடன் எங்களில் பலர் 90 நாள் என்று எண்ணிக்கொள்கிறோம். அது சரியல்ல. இலங்கைச் சட்டங்களுக்குப் பொருள் கொள்ளும் முறையைக் கூறும் பொருள்கோடல் கட்டளைச் சட்டத்தின்படி, மாதம் என்றால் கலண்டர் மாதம். மார்ச் 28இலிருந்து மூன்று மாதம் என்றால் ஜூன் 28. இடையில் 31 நாள் கொண்ட மாதங்கள் வருவதால் அது 92 நாள். இரண்டு நாள் கூடக் கிடைக்கிறது. டிசம்பர் 1இலிருந்து மூன்று மாதம் என்றால் மார்ச் 1. பெப்ரவரி இடையில் வருவதால் சாதாரண வருடத்தில் அது சரியாக 90 நாள். பெப்ரவரி 1இலிருந்து எண்ணினால் மே 1. அது 89 நாள்தான். ஆகவே கெடு மாதத்தில் சொல்லப்பட்டால் மாதத்திலேயே எண்ணுங்கள். நாளில் சொல்லப்பட்டால் நாளிலேயே எண்ணுங்கள். ஒன்றை மற்றதாக மாற்ற வேண்டாம்.

இன்னொரு சிக்கல் உண்டு. ஒக்டோபர் 30இலிருந்து நான்கு மாதம் என்றால் பெப்ரவரி 30 அல்லவா வரவேண்டும்? அப்படியொரு நாள் இல்லை. இவ்வாறான இடத்தில் மாதத்தின் கடைசி நாளான பெப்ரவரி 28 அல்லது 29ஐ எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. மார்ச் 2 என்று நாமாக நீட்டிக்கொள்ளக் கூடாது.

முதல் நாளைச் சேர்ப்பதா, விடுவதா?

நாள் கணக்கில் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு நாளால் வருபவை. எங்கள் மக்களிடம் இரண்டு வகை எண்ணிக்கை இருக்கிறது. இரண்டும் சரியானவை. ஆனால் இடம் மாறிப் போகக் கூடாது.

முதலாவது, இரண்டு முனையையும் சேர்த்து எண்ணுவது. கிறிஸ்து வெள்ளிக்கிழமை மரித்து மூன்றாம் நாள் உயிர்த்தார் என்கிறோம். வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் இடையே இரண்டு நாள்தானே என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. யூதர்கள் வெள்ளி ஒன்று, சனி இரண்டு, ஞாயிறு மூன்று என எண்ணினார்கள். எங்கள் முப்பத்தோராம் நாளும் அப்படித்தான். மார்ச் 1ஆம் திகதி இறந்தவரின் முப்பத்தோராம் நாள் மார்ச் 31. பெந்தெகொஸ்தே என்றால் ஐம்பதாம் நாள். 2025இல் உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 20. பெந்தெகொஸ்தே ஜூன் 8. கழித்துப் பார்த்தால் 49 நாள். உயிர்ப்பு ஞாயிறையும் ஒன்றாக எண்ணினால் 50. கொச்சிக்கடை அந்தோனியார் பெருநாளான ஜூன் 13க்கு முன் ஒன்பது நாள் நவநாள் செய்ய விரும்பும் ஒருவர் ஜூன் 4இல் தொடங்கி 12இல் முடிக்க வேண்டும். 12இலிருந்து 4ஐக் கழித்தால் 8. இரு முனையும் சேர்ப்பதால் 1 கூட்டி 9.

இரண்டாவது, வித்தியாசத்தை மட்டும் எண்ணுவது. வங்கிக்கும் நீதிமன்றத்துக்கும் பெரும்பாலும் இதுவே. 'இந்தத் திகதியிலிருந்து 14 நாளுக்குள்' என்று ஒரு கடிதம் வந்தால், பொதுவாக அந்தத் திகதியை விட்டு மறுநாளை ஒன்று என்று எண்ணுவார்கள். மே 5 என்றால் மே 19.

வாடகை ஒப்பந்தமோ முதல் வகையைச் சேர்ந்தது. மார்ச் 1இல் தொடங்கும் ஒரு வருட ஒப்பந்தம் அடுத்த வருடம் பெப்ரவரி கடைசி நாளோடு முடிகிறது. மார்ச் 1 காலையில் நீங்கள் அந்த வீட்டில் இருந்தால் அது புதிய வருடத்தின் முதல் நாள். வெள்ளவத்தையில் ஒரு வருட வாடகையை முற்பணமாக ஒன்றாய்க் கேட்கும் வீட்டுக்காரருடன் பேசும்போது, தொடங்கும் திகதியை மட்டுமல்ல, முடியும் திகதியையும் ஒப்பந்தத்தில் எழுதுவியுங்கள். 'ஒரு வருடம்' என்று மட்டும் எழுதி விடுவது பின்னால் வாய்த்தர்க்கத்துக்கு விட்ட வாசல்.

ஐயம் வந்தால் எது குறுகியதோ அதையே உங்கள் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் முன்னதாகப் போனவரை எந்தக் கந்தோரும் பிந்தி வந்தீர் என்று திருப்பி அனுப்புவதில்லை.

சுவரில் ஒட்டிவைக்க ஓர் அட்டவணை

இரண்டு திகதிகளுக்கு இடையில் எத்தனை நாள் என்று விரல் மடித்து எண்ணினால் இடையில் தவறும். கீழே உள்ள எண்களை ஒரு மட்டையில் பெரிதாக எழுதிக் கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஒவ்வொரு மாதமும் தொடங்கும் முன் வருடத்தில் எத்தனை நாள் கழிந்திருக்கிறது என்பதை அவை காட்டும்.

ஜனவரி 0, பெப்ரவரி 31, மார்ச் 59, ஏப்ரல் 90, மே 120, ஜூன் 151, ஜூலை 181, ஆகஸ்ட் 212, செப்டெம்பர் 243, ஒக்டோபர் 273, நவம்பர் 304, டிசம்பர் 334.

எந்தத் திகதியானாலும் அந்த மாதத்தின் எண்ணோடு திகதியைக் கூட்டினால் அது வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது வரும். மார்ச் 28 என்றால் 59உடன் 28, ஆக 87ஆம் நாள். ஜூன் 28 என்றால் 151உடன் 28, ஆக 179ஆம் நாள். கழித்தால் 92. முன்னே நாம் சொன்ன 92 நாள் இப்படி வந்ததுதான்.

திகதிகள் இரண்டும் வெவ்வேறு வருடத்தில் இருந்தால், முதல் திகதியை 365இலிருந்து கழித்து, அந்த வருடத்தில் மிஞ்சிய நாட்களை எடுங்கள். அதோடு இரண்டாவது திகதியின் எண்ணைக் கூட்டுங்கள். நடுவில் பெப்ரவரி 29 வந்தால் மட்டும் 1 கூட்ட வேண்டும். 2024 அப்படியொரு வருடம். அடுத்தது 2028.

நான்கால் பிரிபடும் வருடமெல்லாம் லீப் வருடம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். முழுவதும் அப்படியல்ல. 1900 லீப் வருடமல்ல, 2000 லீப் வருடம், 2100 அப்படி இராது. நூற்றாண்டு வருடங்கள் 400ஆல் பிரிபட்டால்தான் லீப் வருடம். இந்த ஒழுங்கைத் தந்தவர் பாப்பரசர் 13ஆம் கிரகோரி. பழைய கலண்டரில் வருடத்துக்குச் சில நிமிடம் கூடிக் கூடி, உயிர்ப்புப் பெருநாளைக் கணிக்கும் வசந்தகாலச் சமநாள் பத்து நாள் விலகிப் போயிருந்தது. 1582 ஒக்டோபர் 4ஆம் திகதிக்கு அடுத்த நாளை ஒக்டோபர் 15 என்று எண்ணச் சொல்லி அந்தப் பத்து நாளையும் எடுத்துவிட்டார்கள். அவிலாவின் புனித தெரேசா இறந்தது அந்த இரவில்தான். அதனால்தான் அவருடைய திருநாளை நாம் ஒக்டோபர் 15இல் கொண்டாடுகிறோம்.

கிழமையால் எண்ணுவது

ஏழின் மடங்காக வரும் கெடுக்களுக்கு அட்டவணையும் வேண்டாம். கிழமைநாள் மாறாது. ஒரு பிள்ளை பிறந்தால் 42 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது எங்கள் சட்டம். 42 என்றால் ஆறு கிழமை. புதன்கிழமை பிறந்த பிள்ளைக்கு ஆறாவது புதன்கிழமை கடைசி நாள். கலண்டரில் ஆறு வரி கீழே இறங்கினால் போதும். கோழி அடைக்கு வைத்த 21ஆம் நாளும் அப்படியே. வைத்த கிழமைநாளிலேயே குஞ்சு பொரிக்கும்.

கிழமை என்பது எப்போதும் ஏழு நாள் என்று நம்பித்தான் இதையெல்லாம் சொல்கிறோம். 1966 முதல் 1971 வரை இலங்கையில் அந்த நம்பிக்கைக்கும் சோதனை வந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை நீக்கி, பிறையைப் பார்த்து வரும் நான்கு போயா நாட்களை வார விடுமுறையாக்கினார்கள். ஒரு போயாவுக்கும் அடுத்த போயாவுக்கும் இடையில் சில வேளை ஏழு நாள், சில வேளை எட்டு. ஞாயிறு வேலைநாளானது. விடியற்காலைத் திருப்பலி கண்டு அவசரமாகக் கந்தோருக்கு ஓடிய கொழும்பு வயோதிபர்கள் இன்றும் அதைச் சொல்வார்கள்.

வேலை நாளும் விடுமுறை நாளும்

இப்போது அந்த வர்த்தமானிக்குத் திரும்புவோம். கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஒரு குடும்பம் 2025 மே 25 ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்த பிறகுதான் அதைப் பற்றிக் கேள்விப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். மே 25 வருடத்தின் 145ஆம் நாள். 179இலிருந்து 145 போக 34 நாள் மீதி. ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறதே என்று மனம் ஆறுதல் கொள்ளும்.

ஆனால் ஜூன் 28 சனிக்கிழமை. கந்தோர் இல்லை. ஆகவே நடைமுறையில் கடைசி நாள் ஜூன் 27 வெள்ளி. கெடுவின் கடைசி நாளில் கந்தோர் மூடியிருந்தால் அடுத்து அது திறக்கும் நாளில் செய்தாலும் செல்லும் என்று அதே பொருள்கோடல் கட்டளைச் சட்டம் சொல்கிறது. இருந்தாலும் அந்தச் சலுகையைக் கையில் கடைசிக் காசாக வைத்துக்கொள்ளுங்கள், முதலில் செலவழிக்க வேண்டாம். மே 26 திங்கள் முதல் ஜூன் 27 வெள்ளி வரை ஐந்து கிழமை. கிழமைக்கு ஐந்து வேலைநாளாக 25. அதில் ஜூன் 10 பொசன் போயா. மிஞ்சுவது 24.

இந்த 24 நாளில் என்னென்ன ஆக வேண்டும்? உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்க வேண்டும். கிராம அலுவலரைக் காண வேண்டும். வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறினால் விடிய யாழ்ப்பாணம். அலுவல் ஒரு நாளில் முடியாவிட்டால் மறுநாள் தங்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் சகோதரன் அற்றோணித் தத்துவம் அனுப்ப வேண்டுமென்றால் அந்தக் கடதாசி வந்து சேரவும் நாள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை வேலைநாள் என்று பக்கத்தில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். 34 நாள் என்று கண்ட ஆறுதல் சுருங்கிவிடும். கெடுவின் கடைசி நாளை மட்டுமல்ல, வேலையைத் தொடங்க வேண்டிய கடைசி நாளையும் கலண்டரில் வட்டமிடச் சொல்வது இதனால்தான்.

சட்டமே வேலைநாளில் பேசும் இடமும் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி நீங்கள் ஒரு கந்தோரிடம் தகவல் கேட்டால், தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாளுக்குள் சொல்ல வேண்டும். 2025 ஜூன் 2 திங்கட்கிழமை விண்ணப்பம் கொடுத்தவர் ஜூன் 16இல் போய் நின்றால் ஏமாற்றம்தான். சனி ஞாயிறுகளையும் பொசன் போயாவையும் விட்டு எண்ணினால் பதினான்காவது வேலைநாள் ஜூன் 23.

இதற்கு நேரெதிரான கெடு ஒன்று இருக்கிறது. அடிப்படை உரிமை மீறப்பட்டவர் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும் என்று அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை சொல்கிறது. அதில் சனியும் ஞாயிறும் போயாவும் எல்லாம் அடக்கம். 2007 ஜூன் 7 அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழரை பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டு அனுப்பினார்கள். வழக்கு உடனே தொடுக்கப்பட்டது. மறுநாள் ஜூன் 8இலேயே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தும்படி இடைக்கால உத்தரவு வழங்கியது. அழுது ஆறி, ஊராரைக் கேட்டு, பிறகு பார்ப்போம் என்று இருந்தால் ஒரு மாதம் ஓடிவிடும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்திருந்தால், அங்கு விசாரணை நடக்கும் காலம் அந்த மாதத்தில் சேராது என்பதையும் அறிந்து வைத்திருங்கள்.

அடகுச் சீட்டு

சங்கிலியை அடகு வைக்காத இடம்பெயர்ந்த குடும்பம் அரிது. உதாரணமாக 50,000 ரூபாவுக்கு வருட வட்டி 18 வீதம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 9,000 ரூபா. மாதத்துக்கு 750. பெப்ரவரி 10இல் வைத்து மே 25இல் மீட்கிறீர்கள். 145இலிருந்து 41 போக 104 நாள். நாள் வட்டியென்றால் 9,000ஐ 365ஆல் பிரித்து 104ஆல் பெருக்க, ஏறக்குறைய 2,564 ரூபா. மாத வட்டி வாங்கும் இடத்திலோ மூன்று மாதத்துக்கு மேல் போன 15 நாளையும் முழு மாதமாக்கி 3,000 கேட்பார்கள். அதே இடத்தில் மே 10க்கு முன் மீட்டிருந்தால் 2,250தான். நாள் வட்டியா மாத வட்டியா என்று வைக்கும்போதே கேளுங்கள். மாத வட்டியென்றால் மீட்கப் போகும் நாளை வைத்த திகதியோடு பொருத்திப் பாருங்கள். இரண்டு நாள் பிந்துவதால் ஒரு மாத வட்டி போகிறது.

விதைப்புக்குப் பின்னோக்கி எண்ணுவது

காணி விடுபட்டு, ஒருவர் முதலில் போய் விதைத்துப் பார்ப்போம் என்று திட்டமிடும் குடும்பங்கள் இப்போது இருக்கின்றன. கொழும்பில் வேலையில் இருப்பவர் எப்போது லீவு எடுப்பது, உழவு இயந்திரக்காரருக்கு எப்போது சொல்வது என்பதற்கெல்லாம் பின்னோக்கி எண்ணத் தெரிய வேண்டும்.

பீஜீ 352 போன்ற மூன்றரை மாத நெல்லுக்கு 105 நாள் என்று கொள்ளுங்கள். வடகீழ்ப் பருவ மழை ஓய்ந்த பிறகு, பெப்ரவரி 5 அளவில் அறுவடை வர வேண்டும் என்பது உங்கள் விருப்பம். பெப்ரவரி 5 வருடத்தின் 36ஆம் நாள். 105இலிருந்து 36 போக 69. அந்த 69 நாளும் முந்திய வருடத்தில் போக வேண்டும். 365இலிருந்து 69 போக 296. அட்டவணையில் 296க்குக் கீழே உள்ள எண் ஒக்டோபருக்குரிய 273. மீதி 23. ஆகவே விதைக்கும் நாள் ஒக்டோபர் 23. மூன்று மாத நெல்லான பீஜீ 300 என்றால் இன்னும் 15 நாள் பிந்தலாம். நவம்பர் 7 வரும். ஆனால் நவம்பர் மழையில் வயல் எப்படி நிற்கும் என்பதைக் கலண்டர் சொல்லாது. அதை உங்களுக்கே நாம் விட்டுவிடுகிறோம்.

மூத்தவர்கள் ஆவணி, புரட்டாதி என்றே விதைப்பைச் சொல்வார்கள். தமிழ் மாதங்கள் சூரியனைப் பார்த்து வருபவை. 29 முதல் 32 நாள் வரை நீளும். ஏறக்குறைய ஆங்கில மாதத்தின் நடுவில் தொடங்கும். தை முதலாம் நாள் ஜனவரி 14 அல்லது 15, சித்திரை முதலாம் நாள் ஏப்ரல் 14 அளவில். 'ஐப்பசி முற்பகுதி' என்று அப்பு சொன்னால் ஒக்டோபர் பிற்பகுதி என்று எழுதிக்கொள்ளுங்கள்.

தொலைந்த திகதியைத் தேடுவது

சத்தியக் கடதாசி எழுதும்போது, 'எப்போது இடம்பெயர்ந்தீர்கள்?' என்று சமாதான நீதவான் கேட்பார். மாரிக்குள்ளே என்றோ, செல் விழுந்த அன்று என்றோ பதில் வரும். இது மறதியல்ல. ஓடுகிறவருக்குக் கலண்டர் தெரிவதில்லை. ஆனால் ஊரே அறிந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டால் மற்ற நாட்களை அதிலிருந்து எண்ணி எடுக்கலாம்.

வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தது 1995 ஒக்டோபர் 30, திங்கட்கிழமை. அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை, ஒக்டோபர் 24இல், சூரியகிரகணம் வந்தது. கிரகணத்துக்கு முன்பா பின்பா என்று கேட்டால் பல தாய்மாருக்கு ஞாபகம் வருகிறது. யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டதும் ஒக்டோபர் 30தான், 1990இல். இரண்டுக்கும் இடையே சரியாக ஐந்து வருடம். 1992 லீப் வருடமாதலால் 1,826 நாள். முதல் வெளியேற்றத்தின்போது பார்த்துக்கொண்டு நின்றவர்களில் பலர் இரண்டாவதில் தாமே நடந்தார்கள். கிழக்கு மாகாணத்தவருக்கு 1978 நவம்பர் 23 சூறாவளி ஒரு குறிநாள். கரையோரத்தவர் எல்லோருக்கும் 2004 டிசம்பர் 26 ஞாயிறு, போயா நாள்.

பிள்ளையின் பிறந்த திகதி தொலைந்திருந்தால் ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடுங்கள். பங்கு முழுவதும் இடம்பெயர்ந்தபோதும் பதிவேட்டைச் சுமந்து சென்ற குருக்கள் இருக்கிறார்கள். வன்னியில் 1996க்கும் 2006க்கும் இடையில் பிறந்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அரசாங்கம் 1996 மே மாதத்தில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, ஒக்டோபரில் அதை அரை மணியாக்கியது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரமே நடந்தது. 1998இல் அங்கு இரவு 11.45க்குப் பிறந்த பிள்ளை கொழும்பு மணிக்கூட்டில் மறுநாள் 12.15க்குப் பிறந்த பிள்ளை. இரண்டு பத்திரத்தில் ஒரு நாள் வித்தியாசம் இருந்தால் பயப்பட வேண்டாம், காரணத்தைச் சொல்லுங்கள்.

பத்து வருடம் என்ற கணக்கு

கடைசியாகச் சொல்வது மிக முக்கியமானது. ஒருவருடைய தனியார் காணியை இன்னொருவர் உரிமையாளரை ஏற்காமல் பத்து வருடம் தடையின்றி ஆண்டால், அவர் ஆட்சியுரிமை கோரலாம் என்பது 1871ஆம் ஆண்டின் சட்டம். இடம்பெயர்ந்தவர் திரும்பிப் போய்த் தடுக்க முடியாதிருந்தாரே, அவருடைய கதி என்ன? இதற்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க விசேட சட்டம் வந்தது. 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தைப் பத்து வருடக் கணக்கில் சேர்க்காமல் விட அது வழி செய்தது. எண்ணிப் பாருங்கள். 2009 மே 1க்கு 26 வருடம். பிறகு 18ஆம் திகதி வரை, இரு முனையும் சேர்த்து 18 நாள். அவ்வளவு காலத்தை ஒரு சட்டம் மணிக்கூட்டை நிறுத்தியதுபோல் நிறுத்தியது.

ஆனால் அந்தச் சலுகையைப் பெற வழக்குத் தொடுப்பதற்கும் ஒரு கெடு இருந்தது. அது தெரியாமல் எத்தனை குடும்பங்கள் இருந்தன என்பது எமக்கு வேதனை. மேலும், 2009 மே 19இலிருந்து புதிதாக எண்ணினாலும் பத்து வருடம் 2019 மே 18இல் நிறைந்துவிட்டது. உங்கள் காணியில் வேறொருவர் இருக்கிறார் என்றால், அவர் எந்தத் திகதியில் வந்தார், யாருடைய அனுமதியோடு வந்தார், நீங்கள் எப்போது ஆட்சேபித்தீர்கள் என்பவற்றைத் திகதியோடு ஒரு தாளில் எழுதுங்கள். அனுமதியோடு இருப்பவரின் கணக்கு வேறு, அத்துமீறியவரின் கணக்கு வேறு. அந்தத் தாளோடு இந்தக் கிழமையே ஒரு சட்டத்தரணியைக் காணுங்கள். பணவசதி இல்லாதவர்கள் புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். கொட்டாஞ்சேனையிலிருந்து அது தூரமில்லை.

பயிற்சி

1. ஆகஸ்ட் 20இல் பிறந்த பிள்ளையைப் பதிய 42 நாள் எப்போது முடிகிறது?

2. ஆடு ஜூன் 10இல் சினைப்பட்டது. 150 நாளில் குட்டி ஈனும். எந்தத் திகதி?

3. பெப்ரவரி 9இல் கோழியை அடைக்கு வைத்தால் 21 நாள் முடிவது எப்போது? லீப் வருடத்தில் எப்போது?

4. ஏப்ரல் 15இல் தொடங்கும் ஒரு வருட வாடகையின் கடைசி நாள் எது?

5. 1995 ஒக்டோபர் 30இலிருந்து 2009 மே 18 வரை எத்தனை வருடமும் நாளும்?

விடைகள்: 1. ஒக்டோபர் 1. பிறந்த அதே கிழமைநாள். 2. ஜூன் 10 என்பது 161, 150 கூட்ட 311, நவம்பர் 7. 3. மார்ச் 2, லீப் வருடத்தில் மார்ச் 1. 4. அடுத்த வருடம் ஏப்ரல் 14. 5. 2008 ஒக்டோபர் 30க்கு 13 வருடம். அந்த வருடத்தில் மிஞ்சியது 62 நாள், 2009 மே 18 என்பது 138. ஆக 13 வருடமும் 200 நாளும். உங்கள் குடும்பம் ஊரை விட்ட திகதி வேறாக இருந்தால் அதை வைத்து ஐந்தாவது கணக்கைத் திரும்பச் செய்து, விடையை உறுதிப் பிரதியோடு சேர்த்து வையுங்கள்.